வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

ஓமலூர்

ஓமலூர் தாண்டி உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் 2022-ல் 18 சென்ட் வாங்கினேன். 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், தாய்ப் பத்திரமும் பார்த்தேன், எல்லாம் சுத்தம். கிரயம் முடிந்த பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "அந்த மூலையில நாங்க ஆடு கட்டறதில்லீங்க" என்றார். பாம்பு இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

2025 செப்டம்பரில் அஸ்திவாரத்துக்கு ஜேசிபி விட்டபோது அந்த மூலையில் செம்மண்ணுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. கூடவே கறுப்புப் பிளாஸ்டிக் ஓடுகள். ஜேசிபி ஓட்டிய தம்பி வண்டியை நிறுத்திவிட்டான். "அண்ணா, இது பேட்டரி உடைச்ச எடம்." ஊரில் விசாரித்தால் ஆளுக்குக் கொஞ்சம் சொல்கிறார்கள். முன்பு அங்கே ஒரு கொட்டகை போட்டுப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள். அனுமதி இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ராத்திரியில் மட்டும் புகை. ஆசிட்டை நிலத்திலேயே ஊற்றிவிட்டுக் கசடைக் குழியில் தள்ளி மூடியிருக்கிறார்கள். எனக்கு விற்றவர் அதற்கு அடுத்த கை.

நான்காம் நாள் ஒரு டிராக்டர்காரர் வந்தார். "எட்டு லோடு வரும். ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிடறேன்." எங்கே கொட்டுவீர்கள் என்றேன். "அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டுவிட்டேன். தடுத்தது கோயம்புத்தூரில் ஆய்வகத்தில் இருக்கும் என் மைத்துனன். "மாமா, இதுவரைக்கும் இது எவனோ செஞ்ச தப்பு. ஏரிக்கரையில கொண்டுபோய்க் கொட்டுனா அப்புறம் நீங்க செஞ்ச தப்பு."

அவனே வந்து மண் எடுத்தான். ஐந்து இடத்தில், அரை அடி, ஒரு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனிப் பை. கெடாத மண் எப்படி இருக்கும் என்று ஒப்பிட, பெரியவர் தோட்டத்திலிருந்தும் ஒரு பை. ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் கீழே இறங்காது என்றான். அப்படியேதான் இருந்தது. மேல் ஒரு அடியில் எக்கச்சக்கம், மூன்று அடியில் கிட்டத்தட்டப் பெரியவர் தோட்டத்து அளவு. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்கள் போர் தண்ணீர் அதற்குள் இருந்தது. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

அந்த ஜூலையில்தான் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருந்தது. அதுவரை 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் வந்த அபாயகரக் கழிவு விதிகள், கோர்ட்டு உத்தரவுகள் என்று ஓடிக்கொண்டிருந்தது. புது விதிப்படி, சந்தேகப்படும் இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்டமாகப் பார்க்க வேண்டும், சந்தேகம் வலுத்தால் அடுத்த மூன்று மாதத்தில் முழு ஆய்வு. கெடுத்தவரைக் கண்டுபிடித்துச் செலவை அவரிடம் வாங்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அரசுப் பணம். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

குகை, சேலம்

எங்களுடையது கொலுசுப் பட்டறை. தாத்தா காலத்துத் தொழில். உங்கள் கதையைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் பட்டறையைப் பெருக்கிய தூசிக்கு விலை உண்டு, கை கழுவிய தொட்டியின் அடிமண்ணுக்கும் விலை உண்டு. தரையைப் பெயர்த்தால் அந்த மண்ணை வாங்க ஆள் வருவான், ஏனென்றால் அதில் வெள்ளி இருக்கிறது. அதே பட்டறையில் மீந்த ஆசிட்டை வாங்க மட்டும் யாரும் வந்ததில்லை. சிறு வயதில் நானே அதைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன், அப்பா சொல்லித்தான். இப்போது சுண்ணாம்பு போட்டு முறித்த பிறகுதான் மற்ற வேலை. கெட்ட மண்ணிலும் வெள்ளி கொஞ்சம் கலந்திருந்தால் சேலத்தில் ஒரு இடம்கூட மாசாக இருக்காது!

மேட்டூர்

நான் ஒரு ஆலையில் 11 வருடம் ஸ்டோர் பார்த்தவன். உங்கள் மைத்துனருக்கு ஒரு சல்யூட். மண்ணை எடுப்பது பெரிய காரியமே இல்லை, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் மொத்த விஷயமும்.

எங்கள் கழிவு கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயகரக் கழிவுக் கிடங்குக்குப் போகும். 90 நாளுக்கு மேல் ஆலைக்குள் வைத்திருக்கக்கூடாது. லாரி கிளம்பும்போது மேனிஃபெஸ்ட் என்று ஏழு தாள், ஏழு நிறம். வெள்ளை வாரியத்துக்கு. மஞ்சளில் லாரிக்காரர் கையெழுத்துப் போட்டு எங்களிடம் கொடுப்பார். இளஞ்சிவப்பு வாங்குகிறவரிடம் தங்கும், ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சை அங்கிருந்து வாரியத்துக்கு. சாம்பல் நிறம் வேறு மாநிலத்துக்குப் போனால் மட்டும். நீலம்தான் முக்கியம், சரக்கு வந்து சேர்ந்தது என்று எங்களுக்குத் திரும்பி வரும் தாள். அது வரும்வரை எங்கள் மேனேஜர் ஒரு நாளைக்கு மூன்று முறை "நீலம் வந்துச்சா?" என்று கேட்பார்.

அங்கேயும் அப்படியே குழியில் போட்டுவிட மாட்டார்கள். ஈயம் மாதிரி உலோகம் இருந்தால் சிமென்ட், சுண்ணாம்பு கலந்து இறுக்கி, தண்ணீரில் கசிகிறதா என்று சோதித்துத்தான் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட பள்ளத்தில் இறக்குவார்கள். உங்கள் டிராக்டர்காரரிடம் நீலத் தாள் கேட்டுப் பாருங்கள்.

கருப்பூர்

எங்கள் பக்கம் மேக்னசைட் வெட்டிய வெள்ளைப் பள்ளங்களுக்கும் இந்த 2025 விதி பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். சுரங்க வேலையால் வந்தது இதில் சேராது, கதிரியக்கக் கழிவும் ஊர்க் குப்பைமேடும் அப்படித்தான். சுரங்கத்தை மூடுவதற்குத் தனித் திட்டம், தனி விதி. ஆனால் அந்தப் பள்ளத்தில் யாராவது ரசாயனக் கழிவைக் கொட்டி அது வரம்பைத் தாண்டினால் விதி வந்துவிடும். இன்னொன்று, சீக்கிரம் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாடு முழுக்க 103 இடங்களை அடையாளம் கண்டு, விதி வந்த நேரத்தில் சுத்தப்படுத்தும் வேலை ஆரம்பித்தது 7 இடத்தில்தான். மண்ணைப் பாதரசத்தால் கெடுத்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது. கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா என்ற சண்டையே வருடக்கணக்கில் ஓடியது.

ஓமலூர்

எல்லோருக்கும் நன்றிங்க. நியூஜெர்சியில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். "வாங்கறதுக்கு முன்னாடி மண்ணு பாக்கலயா?" என்றான். அங்கே 1980-ல் வந்த சட்டப்படி இப்போதைய உரிமையாளரையும் பிடிப்பார்களாம். அதனால் ஆலை இருந்த இடம் என்றால் அதன் பழைய கதையை ஆள் வைத்துத் தோண்டிவிட்டுத்தான் வாங்குவார்களாம். நான் ஆள் வைத்துப் பத்திரத்தை மட்டும் தோண்டினேன்.

வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து மண் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வரும்வரை அந்த மூலையைத் தொடக்கூடாது என்றார்கள், தோண்டிப் போட்டதைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறேன். வீட்டு பிளானை மறுபக்கம் தள்ளியாயிற்று. டிராக்டர்காரர் நேற்றும் போன் செய்தார். நீலத் தாள் கேட்டேன். "என்ன தாளுங்க?" என்றார். இப்போது ஆறாயிரம் குறைத்துக்கொள்கிறாராம்.