ஹேங்க் ஆரனை அட்டையில் பார்த்த கதைகள்

ஷூடப்பா:
அட்லாண்டா வந்த புதுசில எனக்கு பேஸ்பால்னா ஒண்ணும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் ஷூ டப்பாவைத் திறந்து, டாப்ஸ் கம்பெனி 1957-ல வெளியிட்ட ஆட்டக்காரர் பட அட்டை ஒண்ணை நீட்டினார். "இதுல என்ன தப்பு, கண்டுபிடி" என்றார். இடக்கையாட்டக்காரர் ஒருத்தர் மட்டையோட நிக்கிறார், அவ்வளவுதான் தெரிஞ்சது. திருதிருன்னு முழிச்சேன். ஹேங்க் ஆரன் வலக்கைக்காரராம்! நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. அதுவும் எந்த வருஷம் பாருங்க: 44 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது, யாங்கீஸைத் தோற்கடிச்சு அவரோட மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்கு உலகத் தொடர் பட்டம். எல்லாம் அந்த 1957-லதான்.

அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல. உங்க கைக்கு வந்த ஆரன் அட்டைகளைப் பத்தியும் சொல்லுங்க.

ஏழாம்பொருத்தம்:
நான் ஏமாந்த கதையைச் சொல்றேன். 1954 அட்டை, எண் 128, அவரோட முதல் அட்டை. ஆரஞ்சுப் பின்னணி, இருபது வயசு முகம். அதே அணியின் பாபி தாம்சன் கணுக்கால் முறிஞ்சு படுத்ததாலதான் அந்த வருஷம் அணியில இவருக்கு இடமே கிடைச்சது. ஒரு கண்காட்சியில வாங்கினேன். விலை வேண்டாம், வீட்டுக்காரம்மா இதைப் படிப்பாங்க.

வீட்டுக்கு வந்து சாதாரண பிளாஸ்டிக் உறையில போட்டேன், கச்சிதமா உட்கார்ந்துச்சு. சந்தோஷம். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்கணும் சார்! 1957-லதான் டாப்ஸ் இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்துக்கு வந்தது, இந்த உறையும் அந்த அளவுக்குத்தான். 1954 அட்டை அதைவிடப் பெரிசு, அந்த உறைக்குள்ள போகவே போகாது. என்கிட்ட இருக்கிறது மறுஅச்சு. இப்ப ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு.

ஷூடப்பா:
ஐயோ பாவம். 1956 அட்டையைப் பாருங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும். பெரிய முகம் ஆரன்தான். பின்னாடி சறுக்கிக்கிட்டு வர்ற சின்ன உருவம் வேற அணிக்காரர் வில்லி மேஸ்! தொப்பியில மட்டும் பிரேவ்ஸ் எழுத்தை வரைஞ்சு விட்டுட்டாங்க. ரெண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள், யாரா இருந்தா என்னன்னு நினைச்சாங்களோ என்னவோ. எனக்கு இது 1957 தப்பு மாதிரி சிரிப்பா வரல.

மில்வாக்கிக்காரி:
அசல் வாங்க வசதியில்லாதவங்க 1974 அட்டைகளைத் தேடுங்க, அண்ணா. எண் 2 முதல் 6 வரை அஞ்சு அட்டை. ஒவ்வொண்ணுலயும் அவரோட நாலு பழைய அட்டைகள் குட்டியா இருக்கும், 1954 தொடங்கி 1973 வரை. நான் முதல்ல வாங்கினது அதைத்தான்.

எண் 1 இன்னும் சுவாரஸ்யம். ஹோம் ரன்னின் புதிய மன்னர்னு போட்டிருக்கு. ஆனா அட்டை கடைக்கு வந்தப்ப அவர் கணக்கு 713, அதுவரை சாதனை வெச்சிருந்த பேப் ரூத்துக்கு ஒண்ணு குறைவு. கறுப்பின ஆள் ரூத்தைத் தாண்டக் கூடாதுன்னு கொலை மிரட்டல் கடிதங்கள் குவிஞ்சுக்கிட்டிருந்த குளிர்காலம் அது. ஏப்ரல் 8-ல அட்லாண்டாவில் 715 அடிச்ச பிறகுதான் அட்டை சொன்னது உண்மையாச்சு.

கடைசி அட்டை 1976, எண் 550, எங்க ஊர் புரூவர்ஸ் அணியின் சீருடையில. என்கூட வேலை பார்த்த பெரியவர் ஓய்வு பெற்ற அன்னைக்குக் கொடுத்துட்டுப் போனார். மூலையெல்லாம் மழுங்கி, பின்பக்கம் அட்டையோட சேர்த்து வித்த பபிள்கம்மின் கறை. அதுல வருஷவாரியா கூட்டிப் பாருங்க, 745தான் வரும். 1976-ல அடிச்ச பத்தைப் போட இடமில்ல, 1977-ல டாப்ஸ் அவருக்கு அட்டை போடல. பெரியவர் பென்சிலால ஓரத்துல 755-னு எழுதி வெச்சிருக்கார்.

ஏழாம்பொருத்தம்:
பென்சில் எழுத்தை அழிச்சிடாதீங்கம்மா. கிரேடிங்குக்கும் (அட்டையோட நிலையைப் பார்த்து மதிப்பெண் போடறது) அனுப்பாதீங்க.