ஜாப் ஷெட்யூலருக்குத் தமிழில் என்ன? (அவசரம், வெள்ளிக்கிழமை அச்சு)

வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான லினக்ஸ் சர்வர் கையேட்டில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் ஜாப் ஷெட்யூலரான க்ரானை நிறுவும் அத்தியாயம் மட்டும் பாக்கி. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் நிறுவும் தொகுப்பின் (பேக்கேஜ்) பெயரும் சேவையின் பெயரும் க்ரான்தான். ரெட் ஹாட் பக்கம் போனால் தொகுப்பு க்ரோனி, சேவை க்ரான்டி. பையன்கள் இங்கேயே குழம்பிவிடுகிறார்கள். அமேசான் லினக்ஸ் 2023-இல் அது கூடவே வருவதில்லை. நாமே நிறுவி, சேவையைத் தொடங்கி, சர்வர் மறுபடி எழும்போது தானும் எழும்படி வைக்க வேண்டும். இதெல்லாம் எழுதியாயிற்று, தலைப்புதான் உதைக்கிறது. "பணி திட்டமிடுவி" என்று போட்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "யாரை மேடம் திட்டும்?" என்றான். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

---

> பணி திட்டமிடுவி

அம்மா, பையன் சிரித்தது இருக்கட்டும், சொல்லே பிழை. திட்டமிடுவது நீங்கள். அந்த நிரல் நீங்கள் குறித்த நேரத்துக்கு எழுந்து செய்கிறது, அவ்வளவுதான். மேலும் "இடுவி" பிறவினை வாடை அடிக்கிறது.

தொல்காப்பியரிடம் போவோம். "வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்." காலமொடு தோன்றும் வினை! க்ரான் வேலைக்கு இதைவிட நல்ல இலக்கணம் உண்டா? வேலைக்குக் "காலவினை" என்று வையுங்கள். கருவிக்குக் "கன்னல்". முல்லைப்பாட்டில் பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள், குறுநீர்க் கன்னல் என்ற நீர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தானே இன்ன நாழிகை என்று அரசனுக்குச் சொல்கிறார்கள்?

இன்னொன்று. "க்ரான்" என்று மெய்யில் தொடங்குவது எந்த ஊர்த் தமிழ்? கிரான் என்றாவது எழுதுங்கள். அந்தப் பெயரே கிரேக்கச் சனிக்கடவுள் க்ரோனஸிலிருந்து வந்தது, சனிக்கு நம் பெயர் காரி, காரிக்கும் கருமைக்கும் காலத்துக்கும் உள்ள உறவை விரிவாக எழுதலாம்.

---

ஐயா, தயவுசெய்து விரிவாக எழுத வேண்டாம். :-)

காலத்துக்கான கிரேக்கச் சொல் க்ரோனோஸ் வேறு, சனிக்கடவுள் க்ரோனஸ் வேறு, முதல் எழுத்தே வேறு. பழங்காலத்திலேயே இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், நாமும் சேர வேண்டுமா? கன்னல் என்றால் இன்று படிப்பவனுக்குக் கரும்பு, அதுவும் புலவர் பட்டம் பெற்றவனுக்கு மட்டும். "சர்வரில் காலவினை வைத்திருக்கிறேன்" என்று என் அலுவலகத்தில் சொன்னால் யாராவது எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பார்கள்.

நான் தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறவன், அதனால் சொல்கிறேன். இங்கே பெயர் வேண்டியது ஒன்றுக்கு இல்லை, மூன்றுக்கு. நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும் பின்னணிச் சேவை ஒன்று. அது படித்துப் பார்க்கும் பட்டியல், அதாவது க்ரான்டேப், இன்னொன்று. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் உள்ள வேலை மூன்றாவது. புதிதாக வருபவர்கள் இந்த மூன்றையும் "க்ரான்" என்றே சொல்லி, "க்ரான் வேலை செய்யவில்லை" என்று வந்து நிற்பார்கள். சேவை ஓடவில்லையா, வரி தப்பா, வரியில் உள்ள ஸ்கிரிப்ட் தப்பா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிடுங்க வேண்டும்.

தப்பு பெரும்பாலும் வரியில்தான் இருக்கும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். தேதியில் 13, கிழமையில் வெள்ளி என்று போட்டால் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் நாளில் மட்டும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது எல்லா 13-ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும். சர்வர் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருந்தால் இரவு 2 மணி பேக்கப் நம்மூர் காலை 7.30-க்கு ஓடும். இதையெல்லாம் விளக்க மூன்று தனிச்சொல் வேண்டும்.

லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் 1970-களிலிருந்தே இருக்கும் பெயரை மாற்ற நாம் யார், க்ரான் க்ரானாகவே இருக்கட்டும். "கிரான்" என்று தட்டச்சு செய்தால் கட்டளை ஓடாது ஐயா.

---

தமிழில் எழுதிய "க்ரான்" மட்டும் ஓடிவிடுமா தம்பி?

---

என் பங்குக்கு: "முறைப்பணி". நான் ஆற்றுப் பாசன ஊர்க்காரன். மேலமடைக்கு எப்போது, கீழமடைக்கு எப்போது என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதை முறைப்பாசனம் என்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மடை திறக்கும் ஆளுக்கு நீர்க்கட்டி என்று பெயர், அதேபோல இதற்குப் "பணிக்கட்டி"... வேண்டாம், எழுதும்போதே தெரிகிறது. நீர்க்கட்டி என்றாலே இப்போது ஸ்கேன் ரிப்போர்ட்தான் நினைவுக்கு வருகிறது.

---

> முறைப்பணி

நல்ல சொல். ஆனால் முறை என்றால் திரும்பத் திரும்ப வருவது. ஒரே ஒருமுறை ஓடுவதற்கென்றே "அட்" கட்டளை இருக்கிறதே, அதுவும் ஷெட்யூலர்தானே? சர்வர் அணைந்து கிடந்தபோது தவறிப்போன வேலையைப் பிறகு ஓட்டும் ஆனாக்ரானை எங்கே சேர்ப்பது? யாராவது "முறையிடி" என்று தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது மனு கொடுக்கும் கருவியாகிவிடும்.

"பணி அட்டவணையாளி" என்று பேசாமல் போட்டுவிடலாம்.

---

அட்டவணை மராத்திச் சொல்.

---

அட்டவணை என் பாட்டிக்கும் தெரியும் ஐயா, பள்ளிக்கூடச் சுவரில் கால அட்டவணை என்று ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மாற்று என்ன, நிரலா? நிரலை ஏற்கெனவே புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டோம். "நிரலை நிரலில் எழுதி நிரலை ஓட்டவும்" என்று கையேட்டில் வரட்டும், பையன்கள் எல்லோரும் சிவில் துறைக்கு மாறிவிடுவார்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். இப்படி அனுப்புகிறேன்: தலைப்பில் "பணி நேரப்படுத்தி", ஏனென்றால் அடுத்த அத்தியாயத்தில் இதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமரும் வருகிறது, அதற்கும் பொருந்த வேண்டும். க்ரான்டேப்புக்குப் பணி அட்டவணை. வரியில் உள்ளது வெறும் பணி, திரும்ப ஓடினால் முறைப்பணி. கட்டளைப் பெயர்கள் அப்படியே. ஆறு பேர் சரி என்றிருக்கிறீர்கள், அதில் மூன்று பேர் "எதையாவது போடுங்கள்" என்றதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

---

"நேரப்படுத்தி" என்பதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். தூய்மைப்படுத்தி என்றால் தூய்மையாக்குவது. நேரப்படுத்தி எதை நேரமாக்குகிறது? கன்னலை அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம்.

---

மேடம், இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுவும் பகுதியில் ஒரு வரி சேருங்கள். பணி எதையாவது அச்சிட்டால் க்ரான் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும். சர்வரில் மெயில் அனுப்பும் நிரல் நிறுவாமல் இருந்தால் டெபியனில் அந்த வெளியீட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிடும், பிழைச் செய்தியும் அதோடு போய்விடும். வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். லாக் கோப்புக்குத் தமிழில் என்ன என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.