பால்கனியில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம்: கனகாம்பரமா, நிலவேம்பா?

மயூர் விஹார் மாடி:

எல்லோருக்கும் வணக்கம். மயூர் விஹாரில் இரண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி. காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் நல்ல வெயில், அப்புறம் எதிர் பிளாக் நிழல் விழுந்துவிடும். துளசி, கறிவேப்பிலை, துணி ஸ்டாண்ட், ஏசியின் வெளி யூனிட் எல்லாம் போக ஒரு பன்னிரண்டு அங்குலத் தொட்டி வைக்க இடம் மிஞ்சியிருக்கிறது. அந்த ஒரு இடத்துக்குத்தான் வீட்டில் சண்டை.

எனக்குக் கனகாம்பரம் வேண்டும். மல்லிகைச் சரம் இங்கே எப்படியாவது கிடைத்துவிடுகிறது, நடுவில் வைத்துக் கட்ட நாலு கனகாம்பரம் கிடைப்பதில்லை. அடுத்த மாதம் கும்பகோணத்திலிருந்து வரும் மாமியாரோ நிலவேம்பு விதை எடுத்து வருகிறேன், வருஷா வருஷம் டெங்கு வருகிற ஊரில் பூவா முக்கியம் என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. டெல்லியில் எது பிழைக்கும், எதனால் உண்மையிலேயே பிரயோஜனம்? இரண்டும் ஒரே குடும்பம் என்று எங்கோ படித்தேன், இலையைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

ஆர்.கே.புரம் மாமி:

ஒரே குடும்பம்தான், அகாந்தேசி. ஆடாதோடை, டிசம்பர் பூ, சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்ட பட்டாசுக் காய் எல்லாம் அதில்தான் வரும். கனகாம்பரத்தின் காய்ந்த நெற்றிலும் தண்ணீர் பட்டால் அதே மாதிரி பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். நிலவேம்புக்குப் பெயரில்தான் வேம்பு, வேப்பமரத்துக்கு அது சொந்தமே இல்லை, கசப்பை வைத்து வந்த பெயர்.

முதலில் ஒரு வேடிக்கை. நம் ஊர் நர்சரியில் போய்க் கேட்டால் 'டெல்லி கனகாம்பரம்' என்று ஒன்றைத் தருவார்கள். நல்ல அடர்ந்த ஆரஞ்சு நிறம், பூ பெரியது, தமிழ்நாட்டில் தோட்டம் தோட்டமாகப் போடுவது அதைத்தான். நான் டெல்லிக்கு வந்து இருபது வருஷமாகிறது, இங்கே எந்த நர்சரியிலும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ரகம் விதை வைக்காது, குச்சி வெட்டி வேர்விட வைத்துத்தான் பெருக்க வேண்டும். அதனால் விதை பாக்கெட் தேடி அலையாதீர்கள், மாமியாரிடம் சொல்லி வேர் விட்ட கன்று இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஈரத்துணி சுற்றி எடுத்து வந்தேன், இரண்டு ராத்திரி தாங்கியது.

வெயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உங்களுக்கு வரும் காலை வெயில் அதற்குப் போதும். மே, ஜூனில் லூ என்கிற அனல் காற்று அடிக்கும்போது மட்டும் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்து இரண்டு வேளை தண்ணீர் விடுங்கள். எமன் வருவது ஜனவரியில். பத்து டிகிரிக்குக் கீழே போனால் கனகாம்பரத்துக்குப் பிடிக்காது, இங்கேயோ நாலு, ஐந்து என்று இறங்கிப் பனிமூட்டத்தில் நாள் கணக்கில் சூரியனே தெரியாது. முதல் வருஷம் நான் செடியை அப்படியே வெளியில் விட்டேன், பொங்கலுக்குள் குச்சிதான் மிச்சம். இரண்டாவது வருஷம் டிசம்பர் நடுவிலிருந்து ராத்திரி மட்டும் உள்ளே தூக்கி வைத்தேன், தண்ணீரையும் குறைத்தேன். இலை கொஞ்சம் உதிர்ந்தது, பூ நின்றது, ஆனால் மார்ச்சில் தளிர் விட்டது. பல வருஷச் செடி என்றாலும் இந்த ஊரில் அதை ஒவ்வொரு குளிர்காலமும் குழந்தை மாதிரி தாண்ட வைக்க வேண்டும்.

இன்னொரு எதிரி மண்ணுக்குள் இருக்கிறது. நூற்புழு வேரைத் துளைத்து, அந்தப் புண் வழியாகப் பூஞ்சை புகுந்து, நேற்று வரை பூத்த செடி இன்றைக்கு வாடி நிற்கும். மூன்றாவது வருஷம் என் செடி போனது அப்படித்தான். பழைய தொட்டி மண்ணை எடுத்துப் போடாதீர்கள், புது மண்ணில் ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு கலந்து வையுங்கள்.

ஒரு செடியில் எவ்வளவு பூ வரும் என்று கேட்பீர்கள். கதிரில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காக மலரும், ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்கலாம். ஆனால் எடையே இல்லாத பூ, ஒரு கிலோவுக்கே கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் பூ வேண்டும். ஒரு தொட்டியை நம்பி முழம் கட்டுகிற ஆசை வைக்காதீர்கள். வாசனையும் கிடையாது, தெரியுமல்லவா. பறித்தால் இரண்டு நாள் வாடாமல் தலையில் நிற்கும், அதற்காகத்தான் இந்தப் பாடு.

கரோல் பாக் வாசி:

மாமி பூவை முடித்துவிட்டார், நான் கசப்பை எடுத்துக்கொள்கிறேன்.

நிலவேம்பு பல வருஷச் செடி இல்லை, ஒரு பருவத்துச் செடி. இங்கே ஜூனில் விதை தூவி, மழை பிடித்ததும் நாற்றை எடுத்து நட்டால் மூன்று, நான்கு மாதத்தில் முழங்கால் உயரம் வந்து, வெள்ளையில் ஊதாக் கீற்று போட்ட குட்டிப் பூ விடும். கசப்புச் சத்து இலையில் அதிகமாக இருப்பது அந்தப் பூக்கும் சமயத்தில்தான், வெட்டி நிழலில் காயவைக்க வேண்டியதும் அப்போதுதான். காய் முற்ற விட்டால் விதை சிதறிப் பக்கத்துத் தொட்டியில் எல்லாம் முளைக்கும். என் துளசித் தொட்டியில் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உங்கள் மாமியாரிடம் ஒன்றைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஊரில் கொடுக்கிற நிலவேம்புக் குடிநீர் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று இன்னும் எட்டு சேர வேண்டும். ஒரு தொட்டிச் செடியைக் கொதிக்க வைத்தால் வருவது வெறும் நிலவேம்புக் கஷாயம். டெங்கு என்றால் ரத்தப் பரிசோதனை, டாக்டர், நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பது, இதுதான் வழி. டெங்குவுக்கென்று தனி மருந்து இல்லை, கஷாயத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நிலவேம்பு வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது, இது இரண்டையும் இறக்கக்கூடியது.

கடையில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டெல்லியின் காரி பாவ்லி மசாலாச் சந்தையில் போய் 'சிராய்தா' என்று கேட்டால் இமயமலைப் பக்கத்தில் விளையும் வேறு செடியைக் கட்டித் தருவான், அதுவும் நாக்கைப் பிடுங்கும் கசப்பு. நம்முடையது 'கால்மேக்', சிலர் 'ஹரா சிராய்தா' என்பார்கள். நான் அசல் என்று நம்பி ஒரு வருஷம் மற்றதைக் குடித்திருக்கிறேன், வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நொய்டா தம்பி:

நான் எல்லோருக்கும் எதிராகப் பேசுகிறேன், மன்னிக்கவும். நிலவேம்பு வளர்த்தவர்களில் எத்தனை பேர் அதை நிஜமாகக் குடித்தீர்கள்? எங்கள் வீட்டில் அம்மா இரண்டு தொட்டி போட்டார், காயவைத்து டப்பாவில் அடைத்தார், மூன்று வருஷமாக அந்த டப்பா பிரிட்ஜ் மேல் இருக்கிறது. பொடி வருஷத்துக்கு இரண்டு தடவைதான் தேவைப்படும், அதைச் சித்த மருந்துக் கடையில் வாங்கிவிடலாம். கனகாம்பரத்தைக் கடையில் வாங்க முடியாது என்பதுதானே உங்கள் பிரச்சினையே. அப்புறம் என்ன யோசனை?

ஜனக்புரி சுமதி:

அக்கா, ஜனவரியில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்றால் டிசம்பர் பூ வையுங்கள். அதுவும் அதே குடும்பம், டெல்லிக் குளிரை அது சட்டை செய்வதில்லை, ஊதாவும் வெள்ளையும் கிடைக்கும். நவம்பர், டிசம்பரில் பூத்துத் தள்ளும். தலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும் என்பது மட்டும் குறை. ஆரஞ்சு நிறம் வராது, அதை ஈடு கட்ட என்னிடம் வழி இல்லை.

மயூர் விஹார் மாடி:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் போனில் படித்துக் காட்டினேன். எட்டுச் சரக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் 'அது எனக்குத் தெரியாதா, சளிக்கு இலையை மட்டும் போட்டும் குடிக்கலாம்' என்றார். கடைசியில் முடிவானது இதுதான். தொட்டி கனகாம்பரத்துக்கு. கன்று அவரே எடுத்து வருகிறார், வருவது ரயில் என்பதால் ஈரத்துணி யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. நிலவேம்பு ஒரு பருவம்தான் என்பதால் ஜூனில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வெட்டிக் கம்பியில் தொங்கவிடுகிறேன், அக்டோபரில் வெட்டிவிட்டால் அதில் வெந்தயக் கீரை போட்டுக்கொள்ளலாம்.

மாமிக்கு ஒரு கேள்வி. இங்கே குழாயில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது, கறிவேப்பிலையே நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்து நிற்கிறது. கனகாம்பரம் தாங்குமா?

ஆர்.கே.புரம் மாமி:

அது இரும்புச் சத்து ஏறாத வெளுப்பு, கனகாம்பரத்துக்கும் வரும். மழைத் தண்ணீர் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள், ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் சேர்த்தாலும் நல்லது, அதில் உப்பு இருக்காது. வெளுப்பு போகவில்லை என்றால் நர்சரியில் செடிக்கான இரும்புச் சத்து மருந்து கேட்டு வாங்கி, பாக்கெட்டில் போட்ட அளவில் பாதி கரைத்து இலையில் தெளியுங்கள், சாயங்காலமாக. கன்று வந்ததும் நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள், ரயில் அலுப்பு தீர ஒரு வாரம் நிழலில் கிடக்கட்டும்.