சியாங் மாயில் மனைவி பெயரில் நிலம்: வீடு கட்ட எதிலிருந்து ஆரம்பிப்பது?

லம்பாங் மாப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஈரோடு. மனைவி தாய்லாந்தின் லம்பாங்கைச் சேர்ந்தவர், இருவருக்கும் வேலை சியாங் மாயில். பக்கத்துச் சாராபியில் 1 ஙான் 60 தலாங் வா நிலம் வாங்கியிருக்கிறோம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 16 சென்ட். வெளிநாட்டுக்காரர் பெயரில் இங்கே நிலம் பதிய முடியாது என்பதால் மனைவி பெயரில் சனோட் (நில உரிமைப் பத்திரம்) வாங்கியாயிற்று. நெல் வயலாக இருந்த இடம், ரோட்டைவிட முழங்கால் அளவு பள்ளம்.

தரைத்தளம் மட்டும், மூன்று படுக்கையறை, மேலே மொட்டை மாடி. இதுதான் திட்டம். மண் அடித்த அடுத்த மாதமே வேலையை ஆரம்பிக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அம்மாவும் அடிக்கடி வந்து எங்களோடு தங்குவார். என் சேமிப்பின் பெரும்பகுதி இதில்தான் போகிறது. பத்திர விஷயத்தில் எனக்கு என்ன பாதுகாப்பு? மண், மழை, வெயில் இவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்? இங்கே கட்டி முடித்தவர்கள் சொல்லுங்கள்.

சாராபி அக்கா எழுதியது:

தம்பி, நானும் சாராபிதான். என் வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர்.

முதலில் மண். வயலில் கொட்டிய மண்ணை ஒரு மழைக்காலமாவது சும்மா விடுங்கள். மே மாதம் பிடித்து அக்டோபர் வரை பெய்யும் மழை அதை அமுக்கிவிடும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சந்திலேயே ஒரு வீடு இருக்கிறது. பைல் (ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) அடித்துக் கட்டியதால் வீட்டில் ஒரு விரிசல் கிடையாது. சுற்றியுள்ள மண் மட்டும் இறங்கிவிட்டது. கார் நிறுத்தும் தளம் ஒரு சாண் கீழே போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பின்வாசல் படி சுவரை விட்டு விலகிவிட்டது, நடுவே கை நுழையும். கழிவறைக் குழாய் சுவர் ஓரத்தில் முறிந்து, கழிவுத் தொட்டிக்குப் போக வேண்டிய தண்ணீர் வீட்டுக்கடியில் தேங்கியது. அந்தக் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு உயரம் அடிப்பது? அதை ஒப்பந்தக்காரரிடம் கேட்காதீர்கள், அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2024 அக்டோபரில் பிங் ஆறு நவரத் பாலத்தருகே 5.30 மீட்டர் வந்ததே, அப்போது உங்கள் நிலத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அவர்கள் கையால் காட்டுவார்கள். அதற்கு மேலே வர வேண்டும் வீட்டுத் தரை. மண்ணை முழுக்க அவ்வளவு உயர்த்த முடியாவிட்டால் தூண் உயர்த்தித் தரையை மட்டும் ஏற்றலாம். நீங்கள் உயர்த்தும் மண் அடுத்தவர் தோட்டத்துக்குள் வழியாமல் தடுப்புச் சுவரும் வாய்க்காலும் முதலிலேயே வேண்டும். காலம் முழுக்க முகம் பார்த்து வாழப்போகும் அக்கம்பக்கம் அது.

அடுத்து பத்திரம். நிலம் வாங்கிய அன்று, இந்தப் பணம் மனைவியின் தனிச் சொத்து என்று நில அலுவலகத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கணவர் பெயரில் வாங்கியபோது நானும் போட்ட கையெழுத்துதான். ஆக, நிலத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. வீடு வேறு கதை. தாய்லாந்து சட்டத்தில் நிலம் ஒருவருக்கும் மேலே உள்ள கட்டடம் இன்னொருவருக்கும் இருக்கலாம். தேசபான் (நகராட்சி) அலுவலகத்தில் கட்டட அனுமதியை உங்கள் பெயரில் வாங்குங்கள். ஒப்பந்தமும் பணம் கட்டிய ரசீதும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பிறர் நிலத்தில் கட்டடம் வைத்திருக்கும் உரிமையை, அதாவது சிவில் சட்டத்தின் 1410ஆம் பிரிவு சொல்லும் உரிமையை, சனோட்டின் பின்பக்கத்தில் பதியச் சொல்லலாம்.

மனைவியிடமிருந்து 30 வருடக் குத்தகை எழுதிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். 1469ஆம் பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கணவன் மனைவிக்குள் எழுதிக்கொள்ளும் சொத்து ஒப்பந்தத்தை, திருமணம் நீடிக்கும்வரையிலும், முறிந்தால் ஒரு வருடத்துக்குள்ளும், இருவரில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். மேலே சொன்ன பதிவுக்கும் இதே ஆபத்து உண்டு. எனவே ஒரு வழக்கறிஞரிடம் தம்பதியாகச் சேர்ந்தே போங்கள். இருவரும் உயில் எழுதிவிடுங்கள். ஒருவேளை மனைவி முந்திக்கொண்டால் நிலம் உங்களுக்கு வாரிசாக வந்தாலும் அதை வைத்துக்கொள்ள முடியாது, விற்கச் சொல்வார்கள். இதையெல்லாம் மனைவியிடம் பேசத் தயங்காதீர்கள். நான் என் வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகப் பேசினேன், எங்களுக்குள் ஒரு கசப்பும் வரவில்லை.

நாகர்கோவில் மேஸ்திரி எழுதியது:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இங்கே தூணும் உத்திரமும் முடிந்ததும் கூரையைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் சுவர் எழுப்புவார்கள். பார்த்துப் பயப்பட வேண்டாம். மழையிலும் வெயிலிலும் ஆட்கள் நிழலில் வேலை செய்யலாம், நல்ல முறைதான். சுவரில் நீங்கள் பார்க்க வேண்டியது தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பிகள். சில வரிசைக்கு ஒன்றாக அவை செங்கல் வரிசைக்குள் போய்ச் சுவரைத் தூணோடு பிடிக்கும். அது இல்லையென்றால் தூணும் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்கு விரிசல் விடும். ஜன்னலைச் சுற்றிலும் மெல்லிய கான்கிரீட் சட்டம் கேளுங்கள். பூச்சு பூசிவிட்டால் எதுவும் தெரியாது. அதனால் பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தக் கட்டத்தை நேரில் பார்த்த பிறகே கொடுங்கள்.

தரையை மண் மேல் நேராகப் போடாமல், உத்திரத்தின் மேல் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகை அடுக்கிப் போடச் சொல்லுங்கள். மண் இறங்கினாலும் தரை இறங்காது. தரை போடுமுன் உத்திரத்தை ஒட்டிக் கரையான் மருந்துக் குழாய் ஓட்டிவிடுங்கள். பிறகு வெளியே இருந்தே மருந்து செலுத்தலாம். இந்த ஊர்க் கரையான் கதவு நிலையை உள்ளே தின்றுவிட்டு வெளியே வர்ணத்தை மட்டும் மிச்சம் வைக்கும்.

மின்சாரத்தில் எர்த் கட்டாயம். குளியலறையில் உடனடி வாட்டர் ஹீட்டர் மாட்டுவீர்கள், அம்மா வேறு குளிக்கப்போகிறார். எர்த் கம்பி நிஜமாகவே போர்டுவரை போகிறதா என்று மின் ஆளிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

லம்பாங் மாப்பிள்ளை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மண் வேலையை மட்டும் இந்த வருடம் முடித்துவிட்டுக் காத்திருக்க மனைவியும் சம்மதித்துவிட்டார். மொட்டை மாடி பற்றி யாரும் சொல்லவில்லையே? வடகம் காயவைக்கவும் சாயங்காலம் உட்காரவும் அம்மாவுக்கு அது வேண்டும்.

சாராபி அக்கா எழுதியது:

வேண்டாம் தம்பி. ஏப்ரலில் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்கப் படுக்கையறைக்குள் இறக்கும். அதோடு, சரிவுக் கூரை போட்டுப் பழகிய ஆட்களிடம் தட்டைத் தளத்தில் தண்ணீர் நிற்காத வாட்டம் எதிர்பார்ப்பது கஷ்டம். வீட்டுக்குச் சரிவுக் கூரை, நாலு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாத இறவாரம், கூரைக்குக் கீழே வெப்பத் தடுப்பு. மேற்குப் பக்கம் படுக்கையறை வேண்டாம், குளியலறையும் சாமான் அறையும் போகட்டும். அம்மாவுக்குக் கிழக்கே அகலமான திண்ணை வையுங்கள். முட்டி வலியோடு படி ஏற வேண்டியதில்லை, வடகமும் காலை வெயிலில் காய்ந்துவிடும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புகை வருமே, அதையும் கணக்கில் எடுங்கள். வீடு முழுக்கக் காற்றோட்டமாக இருக்கட்டும். அம்மாவின் அறை ஒன்றையாவது புகை புகாமல் இறுக்கி மூட முடிய வேண்டும். இழுக்கும் ஜன்னலில் இடுக்கு இருக்கும். அந்த அறைக்கு ரப்பர் விளிம்போடு திறந்து மூடும் ஜன்னல் போட்டு, காற்றுச் சுத்திகரிப்பானுக்கு ஒரு பிளக் பாயின்ட் ஒதுக்குங்கள்.

முதல் தூண் நிறுத்தும் நாளை மாமனார் மாமியாரே குறித்துச் சொல்லட்டும். தூணில் வாழைக்கன்றும் கரும்பும் கட்டுவார்கள், உங்கள் அம்மாவையும் அன்றைக்குக் கூட்டி வாருங்கள்.

இன்னொன்று. மண் லாரி வருமுன் நாலு மூலையிலும் எண் பொறித்த எல்லைக் கல் இருக்கிறதா என்று சனோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று காணவில்லை என்றாலும் நில அலுவலகத்தில் மனு கொடுத்து அளவையாளரை வரவழைத்துவிடுங்கள். மண்ணுக்கடியில் போன பிறகு பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு வந்தால், மொத்தத்தையும் தோண்ட வேண்டிவரும்.