பொது நிரலகமா, கூட்டு நிரலகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் விவாதத்தில், பல செயலிகளின் மூல நிரலை ஒரே இடத்தில் வைக்கும் மோனோரெப்போவுக்கு 'ஒற்றைக் களஞ்சியம்' என்று முடிவானதில் எனக்கு முழு உடன்பாடு. முழுச் செயலியையும் ஒரே நிரலாகக் கட்டும் மோனோலித்துக்கு 'ஒற்றைக்கல்' இருக்கட்டும், குழப்பம் வராது. இனி அந்தக் களஞ்சியத்துக்குள் பல செயலிகளும் எடுத்தாளும் ஷேர்டு லைப்ரரிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதற்கு வருவோம்.

> பகிர் நூலகம் என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிய சொல்.

பழகிய சொல்தான் ஐயா. ஆனால் அது லினக்ஸின் டாட்-எஸ்ஓ (.so) கோப்புகளுக்குத்தான் பொருந்தும். அங்கே நிரல்கள் ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்கின்றன. நாம் பேசுவது மூல நிரலைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் புதிதாகப் படிக்க வருபவர்கள் தடுமாறுவார்கள். நூலகத்தைப் புத்தகங்களுக்கே விட்டுவிட்டு 'நிரலகம்' என்று எடுத்துக்கொள்கிறேன்.

> அப்படியானால் பொது நிரலகம்?

இதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் தொடங்கி, 'பொது' என்றால் யாரும் உள்ளே வரலாம் என்றே நமக்குப் பொருள். ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் நிரலைப் 'பொது' என்றால், நிரல்களை வெளியிடும் இணையக் கிடங்கான என்பிஎம்மில் (npm) எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் 'காமன்' என்று ஒரு அடைவு (ஃபோல்டர்) இருந்தது. தொகைக்குக் காற்புள்ளி இடும் செயற்கூறு (ஃபங்ஷன்) அதில்தான் கிடந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக யாரோ அதை மாற்ற, உள்ளூர் விலைப்பட்டியல்களில் 1,00,000 என்று வரவேண்டிய இடத்தில் 100,000 என்று அச்சாகிப் போனது. மாற்றியவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் கேட்க ஆளே இல்லை. பொது என்று பெயர் வைத்த அடைவு மெல்ல மெல்லப் புறம்போக்கு நிலமாகிவிடுகிறது. ஆளாளுக்கு எதையாவது கொண்டுவந்து போடுவார்கள், பார்த்துக்கொள்ள ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

கூகுளின் ஒற்றைக் களஞ்சியம் பற்றி 2016-இல் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2015 ஜனவரி நிலவரப்படி சுமார் 90 லட்சம் மூலக் கோப்புகள், 200 கோடி வரிகள். அதன் பெரும்பகுதியை அங்குள்ள பொறியாளர் யாரும் படிக்கலாம், ஆனால் ஒவ்வொரு அடைவுக்கும் பொறுப்பாளர்கள் உண்டு. மாற்றத்தை ஏற்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். அவ்வளவு பெரிய களஞ்சியத்திலேயே ஆளில்லாத அடைவு இல்லை.

அதனால்தான் 'கூட்டு நிரலகம்' என்கிறேன். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆற்றிலிருந்து பல ஊர்களுக்குக் குழாய் போகிறது. தொடக்கத்தில் ஒரு வால்வைத் திருப்பினால் கடைசி ஊர் வரை தெரியும். கூட்டுப் பட்டாவும் அப்படித்தான், உரிமையாளர் பலர் இருந்தாலும் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும். எதிர்ச்சொல்லும் தானாகவே கிடைக்கிறது: ஒரே செயலிக்கு மட்டும் உரியது 'தனி நிரலகம்'.

> கூட்டு என்றால் பலவற்றை ஒன்றாகக் கலந்தது என்று படாதா?

தனியாக நின்றால் படலாம். ஆகவே என்ன வேலைக்கானது என்பதையும் சேர்த்தே எழுதுவோம்: தொகை வடிவக் கூட்டு நிரலகம், தேதிக் கூட்டு நிரலகம். வேலையின் பெயர் சொல்ல வராத நிரலைக் கூட்டு நிரலகத்தில் சேர்க்காமல், அது பிறந்த செயலியிலேயே கொஞ்ச நாள் விட்டுவைப்பது நல்லது என்பது என் அனுபவம்.

அப்புறம் இன்னொன்று. ஒரு நிரலகத்தை எந்தெந்தச் செயலி எடுத்தாளலாம் என்று பேஸல் (Bazel) என்ற நிரல் கட்டும் கருவியில் 'விசிபிலிட்டி' மூலம் குறிப்போம் இல்லையா, அதற்கு நேரடியாகக் 'காண்திறன்' என்று போட்டால் பொருந்தவில்லை. கண்ணில் படுவதா அங்கே கேள்வி, கையாளலாமா என்பதுதானே. 'புழங்கெல்லை' என்று வைத்துப் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சிறியதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.