குடும்ப ஜெபத்தில் செய்து காட்ட: கோடித்துண்டு, மூன்றுபடி மா, பதினாயிரம் தாலந்து

தையல் மெஷின்:
தோத்திரம். பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை இணைத்தால் கிழிசல் அதிகமாகும் என்ற உவமையை (மாற்கு 2:21) வாயால் எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. கோடி என்றால் அவர்களுக்கு நூறு லட்சம்தான். இன்னும் தண்ணீரில் நனையாத புதுத்துணி என்று முதலில் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் கூப்பிடுங்கள்.

வெளுக்காத காடாத் துணியில் 10 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். பல வருஷம் துவைத்து நைந்த தலையணை உறையில் நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. தறியில் நூலை இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விட்டு, துணி சுருங்கும். ஒட்டைச் சுற்றிப் பழைய துணி கொசுவம் வைத்ததுபோல் கூடிக்கொள்ளும். உறை நன்றாக நைந்திருந்தால் ஊசித் துளைகளின் வழியே கிழியவும் தொடங்கும்.

பாலியெஸ்டர் கலந்த துணியை எடுத்தால் ஒன்றும் நடக்காது, பிள்ளைகள் சிரிப்பார்கள். மில்லிலேயே சுருக்கி வரும் துணிகளும் உதவாது. மெஷின் இல்லாத வீட்டில் அம்மாவின் சேலையே போதும். ஃபால்ஸை முதலில் நனைத்துச் சுருக்கிக்கொள்ளாமல் அப்படியே தைத்த சேலையில், முதல் துவைப்பிலேயே பார்டர் எப்படிச் சுருண்டு நிற்கிறது என்று காட்டுங்கள்.

"புதுசு நல்லது, பழசு கெட்டது" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அங்கே இயேசுவிடம் கேட்கப்பட்டது, உம்முடைய சீஷர் ஏன் உபவாசம் பண்ணுவதில்லை என்பது. 18-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால்தான் துணி ஏன் வந்தது என்று புரியும்.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:
அருமை அக்கா. ஒரு ஸ்திரீ மூன்றுபடி மாவில் அடக்கிவைத்து முழுவதையும் புளிக்கவைத்த புளித்தமாவு உவமைக்கு (மத்தேயு 13:33) இட்லி மாவை எடுப்பவர்கள் கவனிக்கவும். பழைய மாவு ஒரு கரண்டி கலந்ததையும் கலக்காததையும் பக்கத்தில் வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு விடிவதற்குள் இரண்டுமே பொங்கிவிடும். உளுந்திலேயே புளிக்கவைக்கும் நுண்ணுயிர் இருக்கிறது. வித்தியாசம் தெரியாமல் பாடம் கெட்டுப்போகும்.

மைதாதான் சரி. நேரான கண்ணாடி டம்ளர் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மைதா 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 60 மி.லி. ஒன்றில் மட்டும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து அமுக்கி வையுங்கள். மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு ஈரத்துணியால் மூடுங்கள். ஜெபத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வைத்துவிட்டால், பாட்டு முடிவதற்குள் ஒன்று ரப்பர் பேண்டைத் தாண்டி ஏறியிருக்கும். தண்ணீர் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதித்த தண்ணீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

இரண்டு விஷயம் பெரியவர்களே தவறவிடுவது. ஒன்று, "மூன்றுபடி". நம் வீட்டுப் படி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அங்கே சொல்லும் அளவை அதைப்போல் பல மடங்கு பெரியது. மூன்றும் சேர்ந்தால் 22 லிட்டர் என்றும், 40 லிட்டர் வரை என்றும் சொல்வார்கள். அந்த ஸ்திரீ பிசைந்தது ஒரு குடும்பத்துக்கான அப்பம் இல்லை, ஒரு கல்யாண வீட்டுக்கான மா. இரண்டு, வேதத்தில் புளிப்பு பெரும்பாலும் கெட்டதற்கு அடையாளம்: பஸ்காவில் வீட்டைவிட்டு நீக்கச் சொன்னது, பரிசேயரின் புளித்தமா. பத்து வயசுப் பிள்ளை கட்டாயம் கேட்கும். கொஞ்சம் போதும், முழுவதும் பரவும், நல்லதானாலும் கெட்டதானாலும் என்று பதிலைத் தயாராக வையுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அண்ணன் தம்பி சண்டைக்கு மத்தேயு 18: ராஜா பெரிய கடனை மன்னித்துவிட்ட ஊழியக்காரன், தனக்குச் சின்னக் கடன் பட்டவனை மன்னிக்காத கதை. ஆனால் பதினாயிரம் தாலந்து, நூறு வெள்ளிப்பணம் என்று வாசித்தால் இரண்டும் ஏதோ காசு என்றுதான் கேட்கும். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 நாள் கூலி. ஆகப் பெரிய கடன் ஆறு கோடி நாள் கூலி, சின்னக் கடன் நூறு நாள் கூலி.

ஒரு அரிசி ஒரு நாள் என்று வையுங்கள். நூறு அரிசியை எண்ணித் தம்பியின் உள்ளங்கையில் போடுங்கள், குழிகூட நிறையாது. பிறகு ஆயிரம் அரிசி எண்ணி நிறுங்கள் (நாலு பேர் என்றால் ஆளுக்கு 250). நூறு அரிசியை நிறுத்துக் கணக்குப் போடாதீர்கள், சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராமில் பொய் சொல்லும். ஆயிரத்துக்கு 15 கிராம் வந்தால் ஆறு கோடிக்கு 900 கிலோ. 25 கிலோ மூட்டை 36. ரேஷன் கடை அடுக்கைப் பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சண்டை நடந்த அன்றே இதைச் செய்யாதீர்கள். "நீதான் அந்தப் பொல்லாத ஊழியக்காரன்" என்று கேட்கும், அடுத்த வாரம் பிள்ளை ஜெபத்துக்கே வராது. மூன்று நாள் கழியட்டும்.

தூத்துக்குடி:
உப்பு சாரமற்றுப் போவதைக் காட்ட முயலாதீர்கள். கடையில் வரும் உப்பு எத்தனை வருஷம் ஆனாலும் கரிக்கத்தான் செய்யும். அந்தக் காலத்து உப்பில் மண்ணும் வேறு உப்புகளும் கலந்திருந்தன, ஈரத்தில் உப்பு கரைந்து ஓட மிச்சம் வெறும் சக்கையாக நின்றது என்பதுதான் வழக்கமான விளக்கம். வாயால் சொன்னால் போதும்.

தையல் மெஷின்:
சரிதான் தம்பி. சின்னப் பிள்ளைகளுக்குக் காணாமற்போன வெள்ளிக்காசு (லூக்கா 15:8) இருக்கிறதே. பத்து ஒரு ரூபாய்க் காசில் ஒன்றை மட்டும் கட்டிலுக்கடியில் ஒளித்து, லைட்டை அணைத்து, டார்ச்சும் துடைப்பமும் கொடுங்கள். டார்ச்சை மேலிருந்து அடித்தால் காசு தெரியாது. தரையோடு படுக்கவைத்துப் பிடித்தால் காசின் நிழல் நீளமாக விழும். துடைப்பம் பட்டால் சத்தமும் கேட்கும். உவமையில் காசைத் தேடிய ஸ்திரீ ஏன் விளக்கையும் கொளுத்தினாள், வீட்டையும் பெருக்கினாள் என்று அப்போது கேளுங்கள். கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும், உவமையிலும் அப்படித்தான். மிட்டாய் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.