கேபருக்கு அளவு நாடா வேண்டுமா? ஸ்காட்லாந்து பளு எறிதல் பற்றி

தூரக்கணக்கன்:
ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டுகள் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் கேட்கிறேன்: ஊருக்கு ஓர் எறிகல், ஊருக்கு ஒரு கேபர் (தூக்கிப் புரட்டி எறியும் நீண்ட மரத்தூண்) என்று இன்னும் எத்தனை காலம்? ஓர் ஊரில் கல் 16 பவுண்டு, இன்னோர் ஊரில் 20க்கும் மேல். சில மைதானங்கள் சரிவானவை. 56 பவுண்டு எடை எறிதல் 1904, 1920 ஒலிம்பிக்கில் இருந்தது. 1904இல் கனடாவின் தெமார்த்தோ 10.46 மீட்டர் எறிந்தார் என்று இன்றும் சொல்ல முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் வீரர் டொனால்ட் டின்னியின் தூரங்களை அப்படி நம்பி ஒப்பிட முடிகிறதா? வேதனையாக இல்லையா?

மரத்தோள்:
கேபரில் தூரமே கணக்கில்லை, நண்பரே. அபர்டீனில் படித்தபோது, செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் ஊரின் ஹைலேண்ட் விளையாட்டுக்குப் போனேன். அங்குள்ள பெரிய கேபர் 19 அடி 9 அங்குலம், 132 பவுண்டு. வீரர் குந்தி, மெல்லிய முனைக்கு அடியில் விரல்களைக் கோத்து, மரத்தைத் தோளோடும் கன்னத்தோடும் அணைத்து எழுகிறார். தடித்த முனை மேலே ஆடுகிறது. சில எட்டு ஓடிச் சட்டென்று நின்று கைகளை மேலே இழுக்கிறார். தடித்த முனை மண்ணில் இறங்கிய அதிர்வு என் காலில் தெரிந்தது. மரம் ஒரு கணம் செங்குத்தாக நின்று, மறுபக்கம் சாய்ந்தது. நடுவர் பின்னால் நின்று பார்ப்பதெல்லாம் மரம் நேராக விழுகிறதா என்பதை: வீரருக்கு நேர் முன்னே, கடிகாரத்தின் 12 மணித் திசையில் விழுந்தால் முழுமை. இதில் நாடாவுக்கு என்ன வேலை?

தூரக்கணக்கன்:
அழகாகச் சொன்னீர்கள். ஆனால் யாராலும் புரட்ட முடியாவிட்டால் நுனியை அறுத்துக் குறைக்கும் வழக்கமும் இருக்கிறதே? அறுத்த பிறகு அது வேறு மரம். போன வருடத்து வீரனோடு இந்த வருடத்து வீரனை எதை வைத்து எடைபோடுவது?

ஆற்றுக்கல்:
இருவருக்கும் வணக்கம். வேறுபாடுதான் இங்கே விளையாட்டு. பிரேமார் கல் 28 பவுண்டு; ஓடிவந்து எறியக்கூடாது, நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். சம்மட்டி எறிதலும் அப்படித்தான். ஒலிம்பிக்கில் கம்பி கட்டிய குண்டோடு வட்டத்துக்குள் சுழல்வார்கள். இங்கே பிடி மரம். வீரர் காலணியின் முன்னே நீளும் இரும்புத் தகட்டை மண்ணில் குத்திக் கால் பெயராமல் தலைக்கு மேல் சுழற்றுகிறார். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தால் மிஞ்சுவது சாதாரணத் தடகளம்தான். டின்னியின் பெயரால் வழங்கும் இரண்டு தூக்குக் கற்களைப் பாருங்கள்: ஒன்று 188 கிலோ, மற்றது 144.5. சமமாக்கச் சொல்ல யாருக்காவது மனம் வருமா?

தூரக்கணக்கன்:
டின்னி கற்கள் என் கட்சிக்கல்லவா சாட்சி! 1860இல் டின்னி ஸ்காட்லாந்தின் பொட்டார்க் என்ற இடத்துப் பாலத்தின் குறுக்கே சுமந்த அதே இரண்டு கற்கள், அதே இரும்பு வளையங்கள். எடை தெரியும், கல் மாறவில்லை. அதனால்தான் இன்று தூக்குகிறவர் டின்னியோடு நேருக்கு நேர் நிற்கிறார். நான் கேட்பதும் அதுதான்.

மரத்தோள்:
கல் மாறவில்லை, ஆனால் அது பொட்டார்க்கின் கல். தூக்க விரும்புகிறவர் அங்கே போக வேண்டும். மைதானச் சாதனை என்று ஊர்தோறும் தனிக் கணக்கு வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த ஊர்க் கல்லை, அந்த ஊர் மண்ணில், இதுவரை யார் அதிக தூரம் எறிந்தார் என்று பார்க்கிறார்கள். உலகச் சாதனையைவிட எனக்கு இதுவே பெரிது.

தூரக்கணக்கன்:
மைதானச் சாதனையை ஏற்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முன் கல்லையும் கேபரையும் எடைபோட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டும், தூரத்தோடு எடையும் ஏட்டில் ஏறட்டும். இதற்குமா மறுப்பு?

ஆற்றுக்கல்:
எடைபோடுவதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆற்றில் எடுத்த கல்லை இரும்புக் குண்டாக மாற்றச் சொன்னால் மட்டும் கடைசிவரை எதிர்ப்பேன்.